உலகநாதனின் பல்லும் முகத்துவாரப் பாடும்

உலகநாதன் பேச எழுந்தால் முன்வரிசையில் இருப்பவர்கள் துண்டை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார்கள். அவர் பேச்சில் கருத்து எவ்வளவு இருக்கும் என்பதில் பாசிக்குப்பத்தில் இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. ஈரம் எவ்வளவு இருக்கும் என்பதில் ஒரே அபிப்பிராயம்தான்.

தோணிரேவிலிருந்து ஏரியோரமாகவே போனால் வருகிற அந்தக் குப்பத்தில் அவர் மீனவர் நலச் சங்கத்தின் கௌரவ ஆலோசகர். அப்படி ஒரு பதவி சங்க விதிகளில் கிடையாது. தலைவர் தேர்தலில் அவர் நின்றுவிடக் கூடாது என்பதற்காக ஊரே கூடி யோசித்து உண்டாக்கியது. ஆலோசகர் என்றால் யாராவது வந்து ஆலோசனை கேட்க வேண்டுமே என்ற சந்தேகம் அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை. கேட்காமலே கொடுப்பதால்தான் கௌரவம் என்று எடுத்துக்கொண்டார்.

இப்பேர்ப்பட்டவருக்கு முன்பல்லில் ஓட்டை விழுந்தது.

வலையைப் பழுது பார்க்கும்போது நைலான் நூலைப் பல்லால் கடித்து அறுப்பது அந்தக் கரையில் எல்லாருக்கும் உள்ள பழக்கம். இடுப்பில் கத்தி இருக்கும். ஆனால் கத்தியை எடுக்க ஒரு கை வேண்டும். இரண்டு கையும் வலையில் இருக்கும். பல்தான் சும்மா இருக்கும். வருஷக்கணக்காக ஒரே இடத்தில் நூல் பட்டுப் பட்டு, உலகநாதனின் மேல்வரிசை முன்பல்லில் ஒரு வெட்டு விழுந்தது. வெட்டு கறுத்தது. கறுப்பு குழியானது. குழி வழியாகக் காற்று போக ஆரம்பித்தது. போன சங்கக் கூட்டத்தில் ‘சமுதாயத்தின் சாபக்கேடு’ என்று அவர் முழங்கியபோது அடுத்தடுத்து இரண்டு சீழ்க்கை கிளம்பியது. கரையில் படுத்திருந்த நாய் எழுந்து, யாரோ கூப்பிட்டதாக நினைத்து, வாலை ஆட்டிக்கொண்டு மைக்குக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது. ஊர் சிரித்த சிரிப்பில் அந்தச் சாபக்கேடு எதுவென்று கடைசிவரை யாருக்கும் தெரியாமலே போயிற்று.

வேறு சமயமாக இருந்தால் இதைத் தாங்கியிருப்பார். இப்போது முடியாது. பாடு விவகாரம் பஞ்சாயத்துக்கு வரப்போகிறது.

பாடு என்றால் முறை. ஏரித் தண்ணீர் கடலோடு கலக்கிற முகத்துவாரத்தில், வடிகிற நீரோடு எறா, அதாவது இறால், கூட்டம் கூட்டமாக வெளியே ஓடும். அங்கே வலை கட்ட ஊருக்கே ஆசை. இடமோ ஒரு வலைக்குத்தான். அதனால் கோயிலில் சீட்டுப் போட்டு, இன்ன நாள் இன்ன வீட்டுக்கு என்று பிரித்திருக்கிறார்கள். ஒருவருடைய பாடு நாளில் இன்னொருவர் வலை அங்கே நனையக் கூடாது. போன மாதம் உலகநாதனின் பாடு. விடியலில் வலையோடு போய்ப் பார்த்தால், தண்ணீர் கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது. முந்தின ராத்திரியே யாரோ வலை கட்டி வழித்துக்கொண்டு போயிருந்தார்கள். யாரோ என்ன யாரோ, தனக்கோடிதான். அது ஊருக்கே தெரியும். பார்த்தவர்தான் யாரும் இல்லை.

அடுத்தவர் பாட்டைத் திருடியவர், தன்னுடைய அடுத்த பாட்டை அவருக்கு விட்டுவிட வேண்டும் என்பது ஊர்க்கட்டு. தனக்கோடியின் அடுத்த பாடு வெள்ளிக்கிழமை விடியலில். மழை கொட்டி ஏரி ததும்பிக்கொண்டிருக்கிறது. இந்த வருஷத்தின் முதல் பெரிய வடிநீர் அன்றைக்குத்தான் ஓடப்போகிறது. உலகநாதனின் ஃபைபர் படகில் எஞ்சின் செத்துப்போய், படகு கரையில் கவிழ்ந்து கிடந்தது; கோழிகள் அதன் அடியில் குடும்பம் நடத்தின. அவர் தன் மைத்துனன் ரஞ்சித்குமாரின் படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். வெளியூர்க்காரர்களிடம் ‘கூட்டுத்தொழில்’ என்று சொல்லிக்கொள்வார். அந்த ஒரு விடியல் கிடைத்தால் எஞ்சினுக்கு உயிர் வரும். கிடைக்காவிட்டால் மழைக்காலம் முழுக்க மைத்துனன் அதட்டும் இடத்தில் நின்று வலை இழுக்க வேண்டும்.

பஞ்சாயத்து வியாழக்கிழமை.

உலகநாதன் பேச்சைத் தயார் செய்தார். கரையில் நின்று, ஏரியைச் சபையாக வைத்து, காலையும் மாலையும் ஒத்திகை பார்த்தார். காற்று அதை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

“இந்த வாட்டி நீ பேசாதயா,” என்றாள் அவர் மனைவி திரௌபதி, கருவாட்டைப் புரட்டிப் போட்டபடியே. “ரஞ்சித்து பேசட்டும். ரெண்டு வார்த்தை பேசினாலும் விஷயத்தைப் பேசுவான்.”

“ரெண்டு வார்த்தைல நியாயம் கெடைச்சதா சரித்திரம் உண்டா?”

“தெருவிளக்கு கேக்கப் போன. இன்னா பேசின? தலைவரு அங்கமுத்து மாமாவோட சம்பந்தி எளாவூர் செக்போஸ்ட்ல மாட்டிக்கினாரே, அதைப் பேசின. இப்ப விளக்கு எங்க எரியுது? பின்னாடித் தெருவுல.”

“அது ஒரு வரலாற்றுக் குறிப்பு.”

“ஆங். அந்த வரலாறுதான் நம்ம தெருவுல இருட்டா கீது.”

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். சீழ்க்கைதான் வந்தது. நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது.

இப்படி இருக்கும்போதுதான் செவ்வாய்க்கிழமை புயல் பாதுகாப்பு மையத்தில் பல் மருத்துவ முகாம் வந்து இறங்கியது. சென்னையிலிருந்து ஒரு கல்லூரி. கட்டிடத்தைவிடப் பேனர் பெரியது. பேனரில் பேராசிரியர் ஒருவர் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். நேரிலும் வந்திருந்தார். வாய்தான் உடலின் வாசல் என்று தொடங்கி, அந்த வாசலில் நின்றபடியே வெகுநேரம் பேசினார். பிறகு துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை எடுத்து, “பல் அடைப்பின் எதிர்காலம் இந்த நீல வெளிச்சத்தில் இருக்கிறது,” என்று அறிவித்துப் பொத்தானை அழுத்தினார். படம் பிடிப்பவர் இன்னொரு கோணம் கேட்டார். அழுத்தினார். ஊர்த்தலைவரோடு ஒன்று. அழுத்தினார். சங்கப் பொறுப்பாளர்களோடு ஒன்று. கௌரவ ஆலோசகரோடு தனியாக ஒன்று. அதோடு எதிர்காலத்தின் சார்ஜ் தீர்ந்துபோயிற்று. சார்ஜர் சென்னையில் இருந்தது. மத்தியானத்துக்குள் பேராசிரியரும் சென்னைக்குப் போய்விட்டார்.

மிஞ்சியவர் ஹேமாவதி என்ற இளம் டாக்டர். அவரோடு பஞ்சு, சிமென்ட் பொடி, அதைக் குழைக்க ஒரு திரவம், சின்னப் பாட்டிலில் வார்னிஷ், ஒரு டப்பா வாசலின்.

“முகாமை என் பல்லாலேயே தொடங்கி வைக்கிறேன்,” என்று உலகநாதன் முதல் ஆளாக நாற்காலியில் ஏறினார்.

“வாயைத் திறங்க சார்,” என்றார் ஹேமாவதி. உலகநாதனின் வாழ்க்கையில் அந்தச் சொற்களை அவரிடம் சொன்ன முதல் மனுஷி அந்த டாக்டர்தான்.

குழியைச் சுரண்டி, துடைத்து, சிமென்டைக் குழைத்து அடைத்து, மேலே வாசலின் தடவினார். ஒரு மணி நேரம் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது, கொப்புளிக்கக் கூடாது என்றார். உலகநாதன் தலையை ஆட்டினார். வெளியே வந்தார். உதட்டில் பிசுபிசுவென்று என்னவோ ஒட்டியது. குழாயில் வாயைக் கொப்புளித்துத் துப்பினார். வரிசையில் நின்றவர்களுக்குத் தைரியம் ஊட்டி ஒரு சிற்றுரை ஆற்றினார். தொண்டை வறண்டது, டீ குடித்தார். சாயங்காலம் அடைப்பு சுண்ணாம்பு மாதிரி வெளுத்தது. ராத்திரி சோற்றில் கல் கடித்தது. திரௌபதியை அரிசி புடைக்கத் தெரியாதவள் என்று கண்டித்துவிட்டுத்தான் பார்த்தார். அது கல் இல்லை.

புதன்கிழமை மறுபடி நாற்காலி.

“தண்ணி பட்டா வீணாயிடும்னு சொன்னேனே சார்?”

“தண்ணிதான் எதிரின்னு தெளிவா சொல்லலியே டாக்டரம்மா. இப்ப புரிஞ்சுபோச்சு. நமக்குத் தெரியாத தொழிலா?”

புரிந்துகொண்டது இப்படி. ஃபைபர் படகில் விரிசல் விட்டால் பசை பூசி ஒட்டுப் போடுவார்கள். அந்த ஒட்டு வெயிலில் நன்றாகக் காய்ந்து இறுகும்வரை படகைத் தண்ணீரில் தள்ள மாட்டார்கள். ஒட்டின்மேல் எண்ணெய்ப் பசை இருந்தால் காயாது. இது அந்தக் கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பல்லுக்கும் அதேதானே? டாக்டர் தடவி அனுப்பிய வாசலினைச் சட்டை நுனியால் சுத்தமாகத் துடைத்தார். நேரே ஏரிக்கரைக்குப் போனார். வெயிலுக்கும் காற்றுக்கும் முகம் காட்டி, மேலுதட்டை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாயைப் பிளந்தபடி உச்சி வேளைவரை நின்றார்.

ரஞ்சித்குமார் படகைக் கட்டிவிட்டு வந்தவன் கொஞ்ச நேரம் பார்த்தான்.

“இன்னா மாமா, கொட்டாவி மாட்டிக்கிச்சா?”

“ஆ...” என்றார் உலகநாதன்.

“மூடுய்யா. கருவாடு காயுதுன்னு காக்கா வருது.”

சாயங்காலம் அடைப்பில் மயிரிழை மாதிரி விரிசல் ஓடியது. ராத்திரி பாதி பெயர்ந்தது. இந்த முறை அரிசியைக் குறை சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை திரௌபதியும் கூடவே வந்தாள். நடந்ததைக் கேட்ட ஹேமாவதி கையுறையோடு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“காய வெச்சீங்களா? சார், இந்தச் சிமென்ட் பச்சைப் புள்ளை மாதிரி. நனைஞ்சாலும் ஆகாது, காஞ்சாலும் ஆகாது. அது இறுகறதுக்கே அதுக்குள்ள கொஞ்சம் தண்ணி வேணும். அந்தத் தண்ணி வெளிய போச்சுன்னா விரிசல் விடும். வெளித் தண்ணி உள்ள போச்சுன்னா கரைஞ்சு சுண்ணாம்பாயிடும். உள்ள இருக்கறது உள்ளயே இருக்கணும், வெளிய இருக்கறது வெளியவே இருக்கணும். அதுக்குத்தான் மேல பூச்சு. அதைப் போய்த் தொடைச்சிருக்கீங்க!”

“கதவு மாதிரி,” என்றாள் திரௌபதி.

“கரெக்ட்டு. கதவு மாதிரி.”

இந்த முறை ஹேமாவதி எதையும் நம்பி விடுவதாக இல்லை. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் பஞ்சைத் திணித்தார். பழசை எடுத்து, புதுச் சிமென்டை அடைத்தார். மேலே மெல்லிய தூரிகையால் வார்னிஷ் ஒரு பூச்சு; ஊதிவிட்டு மறுபடி ஒரு பூச்சு; அதற்குமேல் வாசலின்.

“அந்த நீல லைட்டு இருந்தா வேற ஒரு பூச்சு போட்டு, இங்கயே கெட்டியாக்கி அனுப்பிடுவேன். அது போட்டோ புடிச்சே செத்துப்போச்சு. அதனால நீங்கதான் காப்பாத்தணும். ஒரு மணி நேரம் நாக்கு படக் கூடாது. உதடு தேய்க்கக் கூடாது. தண்ணி கூடாது. உங்களுக்குன்னு ஸ்பெஷலா ஒண்ணு சொல்றேன். பேசவே கூடாது. நீங்க பேசினா உள்ள மழைதான்.”

“ஒரு வருஷம்னு சொல்லுங்க டாக்டரம்மா,” என்றாள் திரௌபதி.

“சாயந்தரம் வேன் கெளம்பிடும் சார். இன்னொரு வாட்டி பேந்துச்சுன்னா ஒட்ட வைக்க அந்தப் பல்லுல இடமே இருக்காது. புடுங்கறதுதான்.”

உலகநாதன் கலங்கவில்லை. பஞ்சாயத்து நாலு மணிக்கு. அதற்குள் சிமென்ட் இறுகிவிடும், சீழ்க்கை நின்றுவிடும், சாபக்கேடு சாபக்கேடாகவே ஒலிக்கும். உதடு பல்லில் படாமலிருக்க மேலுதட்டை மூக்கை நோக்கிச் சுருக்கி ஏற்றிக்கொண்டு, பெருமிதமாக வெளியே வந்தார்.

வாசலில் ரஞ்சித்குமார் ஓடிவந்தான். “மாமா, கூட்டம் இப்பவே! அங்கமுத்து தலைவருக்குச் சாயந்தரம் எளாவூர்ல பேரப்புள்ளைக்குக் காதுகுத்தாம். தனக்கோடிதான் போய் முன்னாடி வெச்சுக்கலாம்னு கேட்டிருக்கான். எல்லாரும் குந்திட்டாங்க.”

“தள்ளி வைக்கச் சொல்லுடா,” என்றாள் திரௌபதி.

“தள்ளினா நாளைக்குத்தான்கா. நாளைக்கு விடியல்ல அவன் வலை கட்டிக்கினு போயிடுவான்.”

உலகநாதன் வாயைத் திறக்கப் போனார். திரௌபதி விரலை நீட்டினாள். மூடவும் முடியாது, உதடு தேயும். அப்படியே போனார்.

கோயிலுக்கு முன்னால் பந்தலடியில் ஊர் உட்கார்ந்திருந்தது. நடுவில் காதுகுத்துக்குப் போகிற பட்டுக்கரை வேட்டியில் தலைவர் அங்கமுத்து. ஒரு பக்கம் தனக்கோடி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். தனக்கோடிக்குக் கவலையே இல்லை. உலகநாதனின் பேச்சைக் காற்று அவன் வீட்டுக்கும் கொண்டுவந்து சேர்த்திருந்ததால் ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் பதில் நெட்டுருப் போட்டிருந்தான். அதற்குமேல் ஒரு நம்பிக்கை: பாதிப் பேச்சில் உலகநாதன் எப்படியும் தலைவரின் சம்பந்தியை இழுப்பார், தலைவர் எழுந்து போவார், கூட்டம் கலையும்.

முன்வரிசையில் துண்டுகள் தயாராயின.

“உலகநாதன் பிராது,” என்றார் அங்கமுத்து. “சொல்லுப்பா. சுருக்கமா.”

உலகநாதன் எழுந்தார். ஊரைப் பார்த்தார். மேலுதடு மேலேறி, முன்பற்கள் முழுசாகத் தெரிய, மேலே தடவிய வாசலின் வெளிச்சத்தில் மின்ன, பேசாமல் நின்றார். பிறகு ரஞ்சித்குமாரைப் பார்த்துக் கையைக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

துண்டுகள் மெதுவாகக் கீழே இறங்கின.

“எங்க மாமா பாடு அன்னைக்கு முன்கூட்டியே யாரோ வழிச்சுட்டாங்க. தனக்கோடி அண்ணன் மேல சந்தேகம். அவ்ளோதான்,” என்றான் ரஞ்சித்குமார்.

பிராது இவ்வளவு சின்னதாக அந்தப் பந்தலில் ஒருபோதும் வந்ததில்லை. அங்கமுத்துவே திரும்பி, “அவ்ளோதானா?” என்று கேட்டார். உலகநாதன் சிரித்தார். அதாவது, ஊருக்கு அப்படித் தெரிந்தது.

தனக்கோடி எழுந்தான். நெட்டுருப் போட்டதை வரிசையாக ஒப்பித்தான். “அன்னைக்கு நான் ஊர்லயே இல்ல, லைட்ஹவுஸ் குப்பத்துல மச்சினிச்சி வூட்ல இருந்தேன். எங்க வலைக்கண்ணு பெருசு, எறாவே நிக்காது. என் படகுல விளக்கு கெடையாது...” ஒவ்வொரு பதிலுக்கும் நடுவே, உலகநாதன் குறுக்கிட்டுக் கத்துவதற்காகக் கொஞ்சம் இடம் விட்டான். அந்த இடங்களில் காற்றுதான் வந்தது. அதுவும் உலகநாதன் பல்லில் புகுந்து வரவில்லை.

உள்ளே உலகநாதன் படுகிற பாடு அவருக்கல்லவா தெரியும்! மச்சினிச்சி வீடா? அந்த மச்சினிச்சியைப் பற்றியே அவரிடம் தனியாக ஒரு பிரசங்கம் இருந்தது. வலைக்கண்ணைப் பற்றி இரண்டு உவமைகள் இருந்தன. எல்லாம் தொண்டைவரை வந்து வார்னிஷில் முட்டித் திரும்பின. நாக்கு கட்டிப்போட்ட கன்றுக்குட்டி மாதிரி அந்தப் பல்லைப் பார்த்தே இழுத்தது. எச்சில் ஊறியது. அண்ணாந்து, பல்லில் படாமல், மெதுவாக விழுங்கினார். மேலுதட்டை இவ்வளவு நேரம் தூக்கிப் பிடித்ததில் கன்னம் வலித்துக் கண்ணில் நீர் கட்டியது.

“சிரிக்கிறான், கண்ணு கலங்குது பார்டா,” என்று யாரோ கிசுகிசுத்தார்கள். “என்னமோ வெச்சிருக்கான்.”

“சாட்சி கெடைச்சிருக்கும். இல்லாட்டி இந்த ஆளு சும்மா இருப்பானா?”

பின்னால் பெண்களோடு நின்றிருந்த திரௌபதி, தலைவரிடம் பல் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று ஓரடி முன்னே வந்தாள். தனக்கோடியின் நெற்றியில் வேர்ப்பதைப் பார்த்தாள். அந்த ஓரடியைத் திரும்ப எடுத்துக்கொண்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று பக்கத்தில் நின்ற ஜமுனா முதுகைத் தடவிக் கொடுத்தாள். முதுகு இன்னும் வேகமாகக் குலுங்கியது.

தனக்கோடியின் கையிருப்பு தீர்ந்துபோயிற்று. எதிரில் அந்தப் பல். இருபது வருஷமாகப் பேசிக்கொண்டே இருந்த மனுஷன் இன்று மூச்சு விடாமல் தன்னையே பார்த்துப் பளபளவென்று சிரிக்கிறான் என்றால், எதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான்? யார் சொன்னது?

“இன்னா நைனா சிரிக்கிற? எதுவா இருந்தாலும் நேரா கேளு!”

உலகநாதன் தலையைக் கொஞ்சம் சாய்த்தார். கன்னத்துக்கு இதமாக இருந்தது.

“கழியைத்தானே சொல்ற? அந்தக் கழியை நாங்க ஒடைக்கல!”

“எந்தக் கழி?” என்றார் அங்கமுத்து.

“முகத்துவாரத்துல வலை கட்ட ஊர் நட்ட கழி தலைவரே. அதை நான் ஒடைச்சேன்னு எம்மேல பழி போடப் பாக்கறான். அது காத்துல ஒடைஞ்சது. நாங்க வலை கட்டும்போதே ஆடிக்கினுதான் இருந்துச்சு!”

பந்தலடியில் எல்லாத் தலையும் தனக்கோடி பக்கம் திரும்பியது.

“அந்தக் கழிய போன மாசம்தானே புதுசா நட்டோம்,” என்றார் அங்கமுத்து மெதுவாக. “உலகநாதன் பாட்டுக்கு மொத நாள் சாயந்தரம். விடிஞ்சு பார்த்தா ஒடைஞ்சு கெடந்துச்சு. நடுவுல ஒரு ராத்திரிதான். அந்த ராத்திரில நீ எங்கடா வலை கட்டின? மச்சினிச்சி வூட்லயா?”

ஊர் விட்ட சிரிப்பில் கோயில் மணி லேசாக அதிர்ந்தது. தனக்கோடி உட்கார்ந்தான். உட்கார்ந்த பிறகும் கொஞ்ச தூரம் கீழே போவதுபோல் இருந்தது.

தீர்ப்புக்கு நேரம் ஆகவில்லை. நாளை விடியல் பாடு உலகநாதனுக்கு. காதுகுத்துக்குப் பஸ் தவறாது என்பதில் அங்கமுத்துவுக்கும் திருப்தி. “சொம்பைக் கொண்டாங்கப்பா,” என்றார்.

உலகநாதன் சட்டென்று மேலுதட்டை இன்னும் ஏற்றிக்கொண்டார். ஜெயித்த சந்தோஷத்தில் சொம்பை மறந்துவிட்டிருந்தார். பாசிக்குப்பத்தில் தீர்ப்பு வாயால் சொன்னால் செல்லாது. அம்மனுக்கு முன்னால் வைத்த ஒரே சொம்புத் தண்ணீரைத் தோற்றவரும் ஜெயித்தவரும் குடிக்க வேண்டும். இருவரில் ஒருவர் குடிக்காவிட்டாலும் தீர்ப்பு அந்தரத்தில் நிற்கும். அடுத்த கூட்டத்தில் மறுபடி முதலிலிருந்து. தனக்கோடி குடித்தான். வேறு வழியில்லை. குடித்துவிட்டுச் சொம்பை நீட்டியவன், உலகநாதனின் கை பின்வாங்குவதைப் பார்த்துவிட்டான். முகத்தில் களை திரும்பியது.

“இன்னா, குடிக்க மாட்டியா? தலைவரே, பாருங்க, அவருக்குத் தீர்ப்பு சம்மதமில்ல!”

டாக்டர் சொன்ன ஒரு மணி நேரத்தில் பாதிகூட ஆகியிருக்காது. குடித்தால் பல் போகும்; இந்த முறை ஒட்ட வைக்க இடமில்லை. முன்பல் இல்லாத கௌரவ ஆலோசகரை அவர் கற்பனை செய்து பார்த்தார். குடிக்காவிட்டால் பாடு போகும். படகுக்கு அடியில் கோழிகள் பேரன் பேத்தி எடுக்கும். அவர் கண் கூட்டத்துக்கு மேலாகத் திரௌபதியைத் தேடியது.

திரௌபதி முந்தானையை எடுத்தாள். தலையைப் பின்னால் சாய்த்து, கையைச் சொம்பு மாதிரி உயரே தூக்கிச் சரித்துக் காட்டினாள். வழி இருக்கத்தான் இருக்கிறது! அண்ணாந்து ஊற்றினால் தண்ணீர் பல்லைத் தாண்டி நேரே தொண்டைக்குத்தானே போகும்?

உலகநாதன் சொம்பை வாங்கினார். வானத்தைப் பார்த்தார். ஒரு சாண் உயரத்திலிருந்து நூலாக ஊற்றினார். ஒரு மிடறு. நல்லபடியாக இறங்கியது. இரண்டு மிடறு. மூன்றாவதின்போது தனக்கோடி, “பாத்து நைனா, பொரை ஏறிடப் போவுது,” என்றான். அக்கறையில் சொன்னதாக யாரும் நினைக்கவில்லை.

ஏறியது. இருமல் வெடித்தது. தண்ணீர் வாய், மூக்கு என்று கிடைத்த வாசல் வழியாகவெல்லாம் வெளியே வந்து, பெரும்பகுதி தனக்கோடியின் வெள்ளைச் சட்டையில் இறங்கியது.

“குடிச்சாச்சு!” என்றார் அங்கமுத்து, தன் பட்டுக்கரையைப் பத்திரமாக இழுத்துக்கொண்டு. “தீர்ப்பு முடிஞ்சுது. கலைங்க.”

உலகநாதன் யார் வாழ்த்தையும் வாங்கவில்லை. வேட்டியை மடித்துக்கொண்டு புயல் மையத்தை நோக்கி ஓடினார். ஹேமாவதி சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். இவர் நாற்காலியில் விழுந்து வாயைப் பிளந்து, விரலால் காட்டினார். பின்னாலேயே மூச்சிரைக்க வந்த திரௌபதி, “தண்ணி பட்டுடுச்சு டாக்டரம்மா. கொஞ்சமில்ல, சொம்பு,” என்றாள்.

டாக்டர் குனிந்து பார்த்தார். கண்ணாடியை இப்படியும் அப்படியும் திருப்பினார். உலகநாதனுக்கு ஏரி மொத்தமும் தன் வாய்க்குள் நிற்பதுபோல் இருந்தது.

“அப்படியே இருக்கு சார். பாருங்க, தண்ணி மேல முத்து முத்தா நிக்குது. உள்ள ஒரு சொட்டு போகல.” பஞ்சால் ஒற்றி எடுத்து, மேலே கொஞ்சம் வாசலின் வைத்தார். “இப்படியே விட்டுடுங்க. ஒரு மணி நேரம் முடியற வரைக்கும் இங்கயே உக்காருங்க. நான் பார்த்துக்கறேன்.”

உட்கார்ந்தார். டாக்டர் கைகழுவியபடி நேரம் முடிந்தது என்றதும் உலகநாதன் கேட்ட முதல் கேள்வி: “இந்தப் பூச்சு எத்தினி நாளு நிக்கும்?”

“கொஞ்ச நாள்ல தானா தேஞ்சு போயிடும். அதுக்குள்ள சிமென்ட் இறுகிடும். அப்புறம் இது வேணாம்.”

“போனது யாருக்கும் தெரியாதா?”

“எதுக்குத் தெரியணும்?”

இது உலகநாதனுக்கு மிகவும் விநோதமாகப் பட்டது. வேலை செய்கிறது, பொன்னாடை இல்லை, பெயர்ப்பலகை இல்லை, போகும்போது நன்றியுரைகூட இல்லை. இவ்வளவு அடக்கமாக ஒரு பொருள் இருந்தால் அதை யார் மதிப்பார்கள்? டாக்டருக்காக அவர் வருத்தப்பட்டார். நல்ல பெண், நல்ல கைராசி, விளம்பரம் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை கிழக்கு வெளுக்கும் முன்பே முகத்துவாரத்தில் உலகநாதனின் வலை இறங்கியிருந்தது. ஏரி கடலை நோக்கி இழுத்துக்கொண்டு ஓடியது. வலைக்குள் எறா துள்ளுகிற சத்தம், வாணலியில் கடுகு வெடிக்கிற மாதிரி கேட்டது. ரஞ்சித்குமார் இடுப்பளவுத் தண்ணீரில் கயிற்றைப் பிடித்து நின்றான். திரௌபதி கரையில் கூடைகளோடு காத்திருந்தாள்.

கொஞ்ச தூரத்தில் ஒரு படகு வந்து நின்றது. தனக்கோடி. சண்டைக்கு வரவில்லை. ராத்திரி தூக்கமில்லாத முகம்.

“உலகு, ஒண்ணே ஒண்ணு சொல்லு. தீர்ப்பு முடிஞ்சுபோச்சு, இனிமே ஒண்ணுமில்ல. கழி விஷயம் உனக்கு யார் சொன்னாங்க?”

கழி ஒடிந்த கதை தனக்கோடி சொல்லித்தான் தனக்கே தெரியும் என்பதைச் சொல்ல உலகநாதனுக்கு ஒரு வாக்கியம் போதும். ரஞ்சித்குமார் அந்த வாக்கியத்தை எதிர்பார்த்துத் திரும்பிப் பார்த்தான்.

உலகநாதன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“தனக்கோடி, மௌனம்னா இன்னான்னு நீ என்னைக்காவது சிந்திச்சுப் பாத்திருக்கியா?” பல் சத்தமில்லாமல் சொற்களை வெளியே விட்டது. “சும்மா இருக்கறதுன்னு சாதாரணமா நெனைச்சுடக் கூடாது. சபையில மௌனத்தைக் கையாளறதுக்குன்னு மூணு நெலை கீது. மொதல் நெலை...”

“மாமா, வலை கனக்குது. வந்து புடி,” என்றான் ரஞ்சித்குமார்.

உலகநாதன் போய்ப் பிடித்தார். கை கயிற்றை இழுத்தது. முதல் நிலை தொடர்ந்தது. இரண்டாம் நிலைக்கு வரும்போது தனக்கோடி மோட்டாரைக் கிளப்பிவிட்டான். அந்தச் சத்தத்தைத் தாண்டிக் கேட்க வேண்டுமே என்று அவர் குரலை உயர்த்தினார். படகு தோணிரேவுப் பக்கம் சின்னதாகிக்கொண்டே போயிற்று. ரஞ்சித்குமார் கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தான்.

மூன்றாம் நிலையின் நடுவில் வலை மேலே வந்தது. அதைத் தூக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள்.